ஊசியைத் தொட்ட விரல்

முட்டி இரண்டிலும் மணலைக் கொட்டி அரைத்த மாதிரி வலித்தது. காலையிலிருந்து மண்டியிட்டே அறுபது டைல்ஸ் பதித்திருந்தேன். சனிக்கிழமை அரை நாள். கூட வேலை செய்தவர்கள் சாப்பிடக் கிளம்பினார்கள். நான் கையைக் கழுவி, ரசமட்டத்தை இடுப்பில் செருகி, ஒரு டைல்ஸ் அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரேடியோக்காரர் கடைக்கு நடந்தேன். பசித்தது. பசியைக் கவனிக்க அன்றைக்கு நேரம் இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அக்காவின் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள்.

பெட்டிக்குள் இரண்டு ஸ்பாஞ்சுக்கு நடுவே ஒரு சின்ன இசைத்தட்டு இருந்தது. அக்கா பதினாறு வயதில் பாடியது. அப்போது கடைத்தெருவில் ஒரு கடை இருந்தது. காசு கொடுத்தால் கண்ணாடி அறைக்குள் நிற்க வைத்து, பாடுகிறதை அங்கேயே தட்டில் வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வாரச் சித்தாள் கூலியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு அவள் பாடினாள். சினிமாப் பாட்டு இல்லை. சாரத்தில் கல் சுமக்கும்போது அவளே கட்டியது, நாலே அடி. கடைக்காரர் ஒருதரம் போட்டுக் காட்டினாராம். பின்னால் ஆட்கள் நின்றார்களாம், "நகரும்மா, நகரும்மா" என்றார்களாம். தன் குரலை அவள் கேட்டது அந்த ஒருதரம்தான். அதற்கப்புறம் நாற்பத்திரண்டு வருஷம் தட்டு அவள் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் கிடந்தது. எங்களிடம் அதை ஓட்ட எதுவும் இருந்ததில்லை.

டாக்டர் தேதி சொன்ன அன்றைக்கு அதை எடுத்து என் கையில் கொடுத்தாள். மூணாவது மாடிக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. அன்றைக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"டேய், இதை ஒரு மிஷின்ல போட்டுக் காட்டு. கடையில நின்னு கேக்க மாட்டேன். ஒருதரம் நின்னாச்சு. உன் வீட்ல உட்கார்ந்து கேக்கணும். அது பாடும்போது நானும் கூடப் பாடணும். திங்கக்கிழமைக்கு அப்புறம் பாட்டு ஏது எனக்கு?"

வீட்டில் ஒரு ஆம்பிளிஃபயரும் முழங்கால் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் கிடந்தன. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாட்ஜ் முதலாளி கூலிக்குப் பதிலாகத் தலையில் கட்டியது. என் மனைவி அவற்றின் மேல் மடித்த துணியை அடுக்கி வைப்பாள். ரிகார்டு ஓட்டும் மிஷின் ஒன்றுதான் இல்லை.

ரேடியோக்காரர் கடை இரண்டு கட்டிடத்துக்கு நடுவே சொருகிய சந்து மாதிரி இருக்கும். அவர் ஒல்லி, காதில் பென்சில். பெட்டியைத் திறந்து தட்டை விளிம்பில் மட்டும் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். முகம் மாறியது.

"மேஸ்திரி, இது அச்சடிச்ச தட்டு இல்ல. நேரா வெட்டினது. தகரத்து மேல அரக்கு மாதிரி ஒரு பூச்சு. இன்னொரு காப்பி இருக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப நல்லாக் கேட்டுக்குங்க. ரொம்ப மிருதுவான பொருள். வயசும் ஆச்சு. ஊசி லேசா உட்கார்ந்தா பாடும். கனமா உட்கார்ந்தா சுரண்டிடும். ஒவ்வொரு ஓட்டமும் கொஞ்சம் கொண்டுபோகும். சும்மா போட்டுப் பார்க்கிற வேலை வேணாம்."

மூன்று மிஷின் காட்டினார். முதலாவது புதுசு, பளபளவென்று, பக்கவாட்டில் நீல விளக்கு எரிந்தது. இரண்டாவது ஏதோ நடன அரங்கில் ஓடி ஓய்ந்தது, இரும்பு மாதிரி கனம். மூன்றாவது பழுப்பு மரச்சட்டத்தில், ரப்பர் பெல்ட்டில் சுற்றுகிறது. மூலையில் கீறல்.

எனக்கு மிஷின் தெரியாது. பதித்த டைல்ஸை எப்படிப் பார்ப்பேனோ அப்படித்தான் பார்த்தேன். மடக்கிய விரலால் தட்டினேன். நீல விளக்குக்காரன் டொக்கென்றான். அடியில் காத்து, சாந்து பிடிக்காத டைல்ஸ் இப்படித்தான் சொல்லும். நடன அரங்குக்காரன் கெட்டி. ஆனால் ஊசி பிடித்த கையை லேசாக ஆட்டினால் ஆடும் பல் மாதிரி கடகடவென்றது. பழுப்பு மரம் கெட்டியாகவும் இருந்தது, கையும் ஆடவில்லை. ரசமட்டத்தை எடுத்து அதன் சுழலும் தட்டில் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. பாதி சுற்றித் திருப்பினேன், அப்போதும் நடுவில்.

ரேடியோக்காரர் சிரித்துவிட்டார். "முப்பது வருஷமா விக்கிறேன். ரசமட்டம் வச்சுப் பார்த்த ஆளு நீங்கதான். ஆனா சரியானதைத்தான் பிடிச்சிருக்கீங்க. வீட்ல ஆம்பிளிஃபயர் இருக்குன்னீங்களே, அது பின்னால ரிகார்டு மிஷினைச் சொருக 'போனோ'ன்னு எழுதின ஓட்டை இருக்கா?"

போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தார். இருந்தது.

ஊசிக் கையின் வால்பக்கம் இருந்த எடையைத் திருகி, கை தராசு மாதிரி அந்தரத்தில் நிற்க வைத்து, பிறகு எண்ணைப் பார்த்து ஒன்றரைக்குத் திருப்பினார்.

"ஒன்றரை என்ன?"

"கிராம். ஊசி தட்டு மேல ஒன்றரை கிராம்தான் உட்காரணும். வீட்ல இதே மாதிரி செய்யணும். செஞ்சு காட்டுங்க."

ஐம்பது கிலோ மூட்டையை ஒரே மூச்சில் தோளில் ஏற்றுகிறவன் நான். ஒன்றரை கிராம் என் விரலுக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

"இந்தாங்க தூசி பிரஷ். இதால மட்டும்தான் ஊசியைத் தொடணும், பின்னாலருந்து முன்னால. விரல் படவே கூடாது. ஊசி பிடிச்சிருக்கிற தண்டு தலைமுடி கனம்தான். இந்த மாடலுக்கு எங்கிட்ட வேற ஊசி இல்ல." ஒரு பழைய பெரிய ரிகார்டையும் பையில் போட்டார். "ஏதோ பேண்டு வாத்தியம். முதல்ல இதை ஓட்டிப் பழகுங்க. நாலு மணி பஸ்ல நான் மக வீட்டுக்குப் போறேன், புதன்கிழமைதான் கடை. சந்தேகம் இருந்தா இப்பவே கேளுங்க."

கிளம்பும்போது கூப்பிட்டார். "மேஸ்திரி, ஒண்ணு செய்யலாமே. இங்கேயே ஒருதரம் ஓட்டறேன், போன்ல பிடிச்சுக்கலாம். என்ன ஆனாலும் கையில ஒரு நகல் இருக்கும்."

புத்தியுள்ளவன் சரியென்றிருப்பான். எனக்கு அப்போது வேறு ஒன்று முன்னால் நின்றது. அவள் நாற்பத்திரண்டு வருஷம் காத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முன்னால் நானும் இவரும் சந்துக்குள் நின்று கேட்பதா?

"முதல்ல அக்கா கேக்கட்டும்ணே" என்றேன்.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடியும் காதிலேயே வைத்துக்கொண்டார்.

*

வீட்டில் என் மனைவி துணியை இறக்கி இடம் பண்ணியிருந்தாள். மேசையின் ஒரு காலுக்குச் சின்ன டைல்ஸ் சில்லு வைத்து ரசமட்டத்தில் சரி பார்த்தேன். ஒயர்களைச் சொருகினேன். பேண்டு ரிகார்டைப் போட்டேன். ஊசி இறங்கியதும் ஸ்பீக்கரில் மழை தூறுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு திடீரென்று இருபது ஊதுகுழல். மனைவி இரண்டடி பின்னால் போனாள்.

"அடேயப்பா! துணி வைக்கிற பெட்டிக்கு இவ்வளவு வாயா?"

"பார்த்தியா! லாட்ஜ்காரன் ஏமாத்திட்டான்னு ஆறு வருஷமா சொன்னியே."

"ஏமாத்தினான்தான். இப்பவும் சொல்வேன்." ஆனால் சிரித்தாள். "அண்ணி நாளைக்கு இதைக் கேட்டா அழுதிடுவாங்க."

பாதியில் நிறுத்தினேன். ஊசிக் கையைத் தூக்கியபோது முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு தூசிப் பந்து தொங்கியது. நாளைக்கு அக்காவின் தட்டில் இது இறங்கக்கூடாது என்று நினைத்தேன். பிரஷ் பக்கத்திலேயே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பெருவிரல் போய் ஊசியைத் துடைத்தது.

யோசித்துச் செய்யவில்லை. பூச்சுக் கரண்டியைக் கையில் எடுத்தால் சாந்தைத் தொடும் முன்னால் பெருவிரலால் விளிம்பை ஒரு இழு இழுப்பேன். ஒரு நாளைக்கு நூறு தடவை. அந்த விரலில் தோல் கிடையாது, சிமெண்ட் தின்று காய்த்த கட்டை. அதற்கு ஒன்றும் தெரியவும் இல்லை. சத்தமும் வரவில்லை. ஊசித் தண்டு பக்கவாட்டில் மடங்கி, உடைந்த கொசுக்கால் மாதிரி தொங்கியது.

மனைவி சமையலறையிலிருந்து, "ஏங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

அவள் வந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "திட்டறதுக்குக்கூட மனசு வரலையே" என்றாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மணி நாலே கால். ரேடியோக்காரர் போன் அணைந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், ஷட்டரில் பூட்டு. பேண்டு ரிகார்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் முழுக்க அலைந்தேன். மூன்று கடையில் அப்படி ஒரு பொருளே இல்லை. நாலாவது, பெரிய சந்தைக்குள், பொம்மையும் சுவர்க்கடிகாரமும் விற்கிற கடை. அங்கே சூட்கேஸ் மாதிரி மூடி போட்ட சிவப்பு மிஷின் ஒன்று இருந்தது. ஊசி, ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள்ளேயே.

"ஊசி எத்தனை கிராம்ல உட்காரும்?" என்று கேட்டேன்.

விற்கிற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கிராமா? இதைக் கிலோவுக்கு விக்கிறதில்லண்ணா. முழு செட்டு."

பேண்டு ரிகார்டை ஓட்டச் சொன்னேன். பாடியது. மெலிசாக, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து ஊதுகிற மாதிரி, ஆனால் பாடியது. குனிந்து ஊசியைப் பார்த்தேன். முனையில் மயிர் கனத்தில் ஒரு கறுப்பு இழை சுருண்டு ஏறிக்கொண்டிருந்தது. டைல்ஸ் வெட்டுகிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். தூள் வந்தால் பொருள் தேய்கிறது என்று அர்த்தம். அச்சடித்த கெட்டித் தட்டிலேயே இவ்வளவு என்றால், அக்காவுடையது அரக்கு.

இருந்தாலும் வாங்கினேன். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அக்கா வந்தாள். கையில் ஆஸ்பத்திரிக்கான பை. நல்ல சேலை, படிய வாரின தலை. வாசலில் நான் என்னவோ கேட்டதற்கு உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, உள்ளே வந்து நாற்காலியை ஸ்பீக்கருக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கி இரண்டு மடக்கு குடித்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"நாலு நாளா யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. பால்காரனுக்குக்கூடக் கையால ஜாடை. சேர்த்து வச்சிருக்கேன். போடு."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். ரேடியோக்காரர் நகல் எடுக்கலாம் என்றது, நான் வேண்டாமென்றது, தூசி, விரல். அக்கா நான் முடித்ததும் என் வலது கையைப் பிடித்து இழுத்து விரித்துப் பார்த்தாள்.

"இந்த விரலா?"

"ஆமாக்கா."

"கரண்டியைத் துடைக்கிற மாதிரி துடைச்சியா?"

"ஆமா."

"துடைக்காமத் தொட்டா மண்டையில குட்டினவ நான்தானே. பத்து வயசுல உன்னைக் கூட்டிட்டுப் போய்ச் சாந்து குழைக்க விட்டவ." கையை விட்டாள். "நல்லாத்தான் கத்துக்கிட்ட, தடியா."

பெருமூச்சு விட்டாள். அதற்கே தொண்டை கரகரத்தது. அவள் கண் சிவப்புப் பெட்டிக்குப் போனது. "அது என்ன?"

அதையும் சொன்னேன். பேண்டு ரிகார்டை ஓட்டி, கறுப்பு இழையைக் காட்டினேன்.

"இதுல என் தட்டைப் போட்டா?"

"ஒரு தடவை கேக்கலாம். அதுவும் நிச்சயம் கிடையாது. அடுத்த தடவை குரல் இருக்குமான்னு தெரியாது."

"எனக்கு வேண்டியது ஒரு தடவைதானே?"

அவள் எழுந்தாள். ஸ்பாஞ்சுக்கு நடுவிலிருந்து தன் தட்டை எடுத்துச் சிவப்பு மிஷினில் வைத்தாள். சுவிட்சைத் திருப்பினாள். சுற்றியது. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் மங்கிப்போன அவள் கையெழுத்தும் கூடவே சுற்றியது. ஊசிக் கையைத் தூக்கி விளிம்புக்கு மேலே கொண்டுபோய்ப் பிடித்தாள்.

மனைவி, "அண்ணி, யோசிச்சு..." என்றாள்.

மாடி மாடியாகக் கல் சுமந்த கை அது. ஆடவில்லை. ஊசிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு டைல்ஸ் இடுக்கு அளவுதான் இடைவெளி. தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று கத்தவும் தோன்றியது, போட்டுவிடு என்று கத்தவும் தோன்றியது. இரண்டுக்கும் எனக்கு யோக்கியதை இல்லை.

எவ்வளவு நேரமோ. அவள் ஊசியை எடுத்து அதன் கொக்கியில் திரும்ப மாட்டினாள். சுவிட்சை அணைத்தாள்.

"தொண்டையைத்தானே எடுக்கிறானுங்க, காதையா எடுக்கிறானுங்க? நல்ல ஊசி வந்ததும் கேட்டுக்கறேன்."

"கூடப் பாடணும்னு சொன்னியேக்கா."

"பாடறேன். அது இல்லாமப் பாடறேன். அது பாடினாத்தான் எனக்கு வருமா? என் பாட்டுடா."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்லாமலே என் மனைவி போனை எடுத்து நீட்டிப் பிடித்தாள். அந்தப் புத்தி எனக்குச் சனிக்கிழமை வந்திருக்க வேண்டும்.

அக்கா பாடினாள். குரல் இல்லை அது, உமி. ஆனால் ராகம் ஒரு இடத்தில்கூடச் சாயவில்லை.

"செங்கல் ஏழு தலையில் வச்சு ஏணி ஏறினேன்,
சின்னதாகிப் போச்சு ஊரு, திரும்பிப் பார்க்கையில்..."

நின்றாள். தொண்டைதான் அடைத்துவிட்டது என்று தண்ணீரை நீட்டினேன். தட்டிவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். அதே இடத்தில் நின்றாள். மூன்றாவது தடவை மெதுவாக, பிடித்துப் பிடித்து ஏறுகிற மாதிரி வந்து, அதே இடத்தில் நின்றாள். அவள் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். டாக்டர் தேதி சொன்னபோதுகூட அது இல்லை.

"மூணாவது அடி வரலடா."

"ஏதாவது காத்து, கயிறுன்னு வருமா அண்ணி?" என்றாள் மனைவி.

"காத்தும் இல்ல, கயிறும் இல்ல. நாலாவது தெரியுது. 'இறங்கச் சொன்னா இறங்க மாட்டேன், இன்னும் மேலே இருக்கு.' அதுக்கு முன்னால என்னவோ ஒண்ணு. அதுக்காகத்தான் பாட்டே கட்டினேன். அதுதான் போச்சு." என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமாடா? சாரத்துல எத்தனை தடவை பாடியிருக்கேன்."

எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு எழுத்து ஞாபகம் இல்லை. அப்போது எனக்கு அவள் பாட்டு மணி அடிக்கிற மாதிரி. அது கேட்டால் சாந்து தீர்ந்துவிட்டது, எடுக்க ஆள் வருகிறது என்று அர்த்தம். இல்லையென்று தலையை ஆட்டினேன்.

அவள் கண் சிவப்பு மிஷினில் இருந்த தட்டுக்குப் போனது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்தோம். மூணாவது அடி அதில் எங்கேயோ ஒரு சுற்றில் இருந்தது. நல்ல ஊசி போனால் பாடிவிடும். கெட்ட ஊசி போனால் சுரண்டிப் போட்டுவிடும்.

"எடுத்து உள்ள வை" என்றாள் அக்கா. "யாரும் தொடாதீங்க. முக்கியமா நீ."

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதற்குள் குரல் முழுசாக அடங்கிவிட்டது. மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டே போனது. மூணாவது அடியைத்தான் தேடினாள் என்று எனக்குத் தெரியும். கதவு சாத்தும்வரை கிடைக்கவில்லை.

*

புதன்கிழமை ரேடியோக்காரர் மடங்கின ஊசியைக் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "விரலா?" என்றார். ஆமென்றேன். வெளியூருக்குப் போன் போட்டார். புது ஊசி வருவதற்குப் பத்து நாள், பதினைந்து நாளும் ஆகலாம் என்றார்கள்.

வியாழக்கிழமை வார்டுக்குப் போனேன். அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கட்டு, நடுவில் ஒரு குழாய். மூச்சு அதன் வழியே உஸ் உஸ்ஸென்று போய் வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்.

"மூணாவது?"

"ஊசி இன்னும் வரலக்கா."

என் பெருவிரலைச் சுட்டிக்காட்டி, கத்தரிக்கோலால் வெட்டுகிற மாதிரி ஜாடை செய்தாள். சிரித்தாள். சிரிப்புக்குச் சத்தம் இல்லை, குழாய்தான் வேகமாக உஸ்ஸென்றது. பிறகு சிரிப்பு நின்றது. நோட்டில் இன்னொன்று எழுதி, அடியில் அழுத்திக் கோடு போட்டு, தாளைக் கிழித்து என் சட்டைப்பையில் வைத்தாள்.

வெளியே வந்து படித்தேன். "பாக்கி" என்று எழுதியிருந்தது.

அதற்கப்புறம் இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. ஊசி வரவில்லை. தட்டு ஸ்பாஞ்சுக்கு நடுவில் இருக்கிறது. மனைவியின் போனில் மூன்று அடி இருக்கிறது, நடுவில் அக்கா தேடுகிற மூச்சும் இருக்கிறது. என் அக்காவுக்கு நான் ஒரு பாட்டு பாக்கி, மூணாவது அடியோடு. அதை இன்னும் கொடுக்கவில்லை.